வேலிக்கு வெளியே கேட்ட பாடம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி நாலாம் வகுப்பு வரை படித்ததோடு சரி. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழாது.

எங்கள் மலையில் நோம்பி என்கிற ஊர்த் திருவிழா அன்று, சாமிக்குப் பொங்கல் படைக்கும் வரை யாரும் வாயில் எதுவும் போடக்கூடாது. முலைப்பால் குடிக்கிற குழந்தைக்கு மட்டும் விலக்கு. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அந்த வருடம் பூசை தாமதமாகிவிட்டது. பசியில் அவள் அழுத அழுகை தாங்காமல், என் மனைவி அவளை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போய், சந்தையிலிருந்து வந்த வறுத்த நிலக்கடலையில் ஒரு பிடி கொடுத்திருக்கிறாள். எனக்கே அது பிறகுதான் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதடு வீங்கியது. கண் இடுங்கிப்போனது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்து, மூச்சு இழுக்கும்போது பூனைக்குட்டி கத்துவது போல் சத்தம் வந்தது. கூடியவர்கள் காணாக்கடி என்றார்கள். கண்ணில் படாத பூச்சி கடித்தால் அப்படித் தடிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. பாயை உதறினார்கள், கூரை ஓலையைக் கிளறினார்கள்.

"பூச்சி ஒண்ணையும் காணோமுங்க."

"கண்டுட்டா அப்பறம் அது எப்படிடா காணாக்கடி? மந்திரிக்கற ஆளக் கூப்புடு போ."

நான் கூப்பிடப் போகவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் மனைவியும் கூடவே ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி என்றால் ஒரு அறை, ஒரு மருந்து அலமாரி, ஒரு கம்பவுண்டர், அவ்வளவுதான். அவர் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி வீக்கத்தைப் பற்றி டாக்டர் நடத்திய வகுப்பில் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் மலையேறியிருந்தார்.

"என்னம்மா தின்னுச்சு புள்ள?" என்றார். பின்னாலேயே வந்த கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. என் மனைவி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளை அலமாரிக்குப் பின்னால் கூப்பிட்டு, "சாமி கோவிச்சுக்காதும்மா, எங்கிட்டச் சொல்லு" என்றார். அவள் சொன்னாள். உடனே ஊசி போட்டார். பொழுது சாய்வதற்குள் பூனைச் சத்தம் அடங்கி, குழந்தை தண்ணீர் கேட்டாள். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் அதை டாக்டருக்கு எழுதிவிட்டார். அடுத்த வகுப்பை டாக்டர் எங்கள் மலையிலேயே வைத்தார். சுற்றுப்பக்கத்துக் கம்பவுண்டர்கள், மருத்துவச்சிகள், அம்மை குத்துகிறவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். மூங்கில் வேலிக்கு வெளியே ஊரே வேடிக்கை பார்த்தது. என் மகளை மேசைமேல் நிறுத்தி, "பயப்படாத கண்ணு" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஆரம்பித்தார்.

"இதுக்கு அலர்ஜின்னு பேரு. பூச்சியும் இல்ல, பேயும் இல்ல. ஊருக்கெல்லாம் ஒத்துக்கற சாப்பாடு ஒரு குழந்தைக்கு வெஷமாயிடும். உதடு, கண்ணு, தோல், மூச்சு, நாலையும் பாருங்க. முதல் கேள்வி, என்ன தின்னுச்சு? மூச்சு இழுத்தா ஊசி போட யோசிக்காதீங்க. ரத்த சம்பந்தத்துல இன்னொரு குழந்தைக்கும் இருக்கலாம், விசாரிங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மனைவியைக் கைகாட்டினார். "இந்தம்மா விரத நாள்ல கடலை குடுத்ததை மறைக்காமச் சொன்னாங்க. அதனால புள்ள பொழச்சுது. எல்லாத் தாயும் இப்படி இருந்தா நம்ம வேலை சுலபம்."

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வேலிக்கு வெளியே ஒரு கையும் அசையவில்லை. என் மனைவி வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் சாமைக் கதிர் பதராகப் போனது. விரதத்தை முறித்தவளால்தான் என்றார்கள். அவள் நோம்பியில் பொங்கல் பானை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஊற்றுக்குப் போனால், என் அண்ணன் மனைவியே, "கடலக்காய்க்காரி வாரா, கொடத்தத் தூக்குங்கடி" என்பாள். ரத்த சம்பந்தம் என்று டாக்டர் சொன்னது அண்ணிக்கு ஆறவே இல்லை. "எங்க ஊட்டு ரத்தத்துல ஒரு கொறையும் இல்ல. எடப்புளி நாட்டுல பொண்ணெடுத்தா இப்படித்தான்" என்று என் மனைவி பிறந்த பக்கத்தை இழுத்து என் காதுபடவே சொன்னாள்.

மறு வருட நோம்பியில் அண்ணன் மகனுக்கு உதடு வீங்கியது. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதே கம்பவுண்டர். அண்ணியையும் அலமாரிக்குப் பின்னால் கூட்டிப் போய்க் கேட்டார்.

"ஒண்ணும் திங்கலீங்க."

"ஒரு கடலை? ஒரு பருப்பு?"

"பச்சத் தண்ணி பல்லுல படலீங்க. பூச்சி கடிச்சிருச்சுங்க."

நான் வாசலிலிருந்து, "என்ற புள்ளைக்கு வந்த மாதிரியேதானுங்க இருக்குது" என்றேன். "தின்னுருந்தாத்தானே அது" என்றார் அவர். ஊசி மருந்து ஒரு குப்பிதான் மீதி இருந்தது. பூச்சிக்கடிக்கு அதை எடுக்க யோசித்தார். தடிப்பின்மேல் மருந்து பூசி, கடிவாய் தேடினார். பிறகு அவராகவே குப்பியை உடைத்தார். அதற்குள் பையனின் நகம் நீலமாகிவிட்டது.

எடுத்துப் போகுமுன் பிணத்தைக் குளிப்பாட்டும்போது அவன் வேட்டித் துண்டின் முடிச்சில் கடலைத் தோல் இருந்தது. பார்த்த பெண்கள் அதை அப்படியே மண்ணில் உதறிவிட்டார்கள். அவனே எடுத்தானா, அவள் கொடுத்தாளா என்று யாரும் கேட்கவில்லை. என் மனைவி அண்ணன் வீட்டு வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று அவளை ஒருவரும் அழைக்கவில்லை.

மறுபடியும் வகுப்பு நடந்தது. பிழைத்த பிள்ளையைக் காட்ட என்னையும் மகளையும் வரச்சொன்னார்கள். பையனுக்கும் இதே வீக்கம்தான் என்று கம்பவுண்டர் எழுதியிருந்ததை வைத்து டாக்டர் சொன்னார்: "இந்த மலைச் சனங்க பொய் சொல்லுவாங்க. அதையும் எழுதிக்கோங்க." எல்லோரும் குனிந்து எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள். "ஏனுங்க, என்ன சொன்னாரு?"

சொன்னேன்.

"நெசம் சொன்னவ என்ன ஆனான்னு அவருக்கு ஆருங்க சொல்லுவாங்க?"

இப்போதும் அந்தத் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு வகுப்பு நடக்கிறது. உதடு, கண், தோல், மூச்சு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அலமாரிக்குப் பின்னால் ஒரு தாய் சொன்னது அங்கேயே இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுத்து நான் கேட்டதில்லை. வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் தங்கள் பாடத்தை ஒரே நாளில் படித்துக்கொண்டார்கள். இன்றுவரை மறக்கவும் இல்லை.

விய வருடம், ஐப்பசி மாதம் பன்னிரண்டாம் தேதி எழுதியது.