பாடாங் பெசாரில் விட்டு வந்த சுண்ணாம்பு

இதை எழுதித் தரச் சொல்லி, எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் பல தடவை கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு எழுத வராது என்பது ஒன்று. இன்னொன்று, எழுத உட்கார்ந்தால் முதலிலேயே என் மகன் செத்துப் போனான் என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பயந்தே வருடங்களைத் தள்ளிவிட்டேன். இப்போது எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதிவிடலாம்.

எங்கள் மூத்தவன் தாய்லாந்தில், மலேசிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஹாட்யாய் என்ற ஊரில், ஒரு தமிழர் நடத்திய சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்த்தான். ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவன் லாரியில் அடிபட்டு இறந்தான். உடலைக் கொண்டுவர எங்களுக்கு வழியில்லை. அங்கே உள்ள மாதா கோயில் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். எங்களுக்குப் போனில் காட்டினார்கள். மண் போடும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. பெட்டிக்கு மேலே யாரோ ஒருவருடைய கை, பிடி மண்ணோடு நீட்டியபடி நின்றது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

திண்டுக்கல்லில் கல்லறைத் திருநாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாலு நாள் முன்னாலேயே குடும்பம் குடும்பமாகப் போய்ப் புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, அன்றைக்குச் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாக வைப்போம். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே வாளியில் சுண்ணாம்பு கரைத்து, அந்த வாளியிலிருந்தே மாமனார், மாமியார், சின்ன வயதில் போன என் கொழுந்தன் எல்லோர் கல்லறைக்கும் அடிப்போம். ஆளுக்கொரு வாளி கிடையாது. செத்தவர்களும் ஒரே பானைச் சோறு மாதிரி என்று மாமியார் இருந்தபோது சொல்வார்கள். மகன் போன பிறகு அந்த வாளியைத் தொடவே எனக்கு மனம் வராது. எல்லோருக்கும் அடித்துவிட்டு, மிச்சத்தைக் கீழே ஊற்றும்போது அது அவன் பங்கு என்று தோன்றும்.

என் வீட்டுக்காரருடைய அக்கா மலேசியாவில் வாழ்க்கைப்பட்டவர், பட்டர்வொர்த்தில் இருக்கிறார். அவர் மகள் கல்யாணத்துக்கு எங்களை அழைத்தார். கல்யாணம் முடிந்த சில நாளில் கல்லறைத் திருநாள் வருவதாக இருந்தது. அங்கிருந்து ரயிலில் எல்லை தாண்டினால் ஹாட்யாய் என்று மதினி போனில் சொன்னார். அந்த நிமிடமே நான் முடிவு செய்துவிட்டேன். கிளம்புவதற்கு முன்பே போய் இங்குள்ள கல்லறைகளுக்கு வெள்ளையடித்தேன். கரைக்காமல் வைத்திருந்த பாதிப் பொடியையும் வெள்ளையடிக்கிற ஒரு புது மட்டையையும் பெட்டிக்குள் வைத்தேன்.

வீட்டுக்காரர் நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து பூ ஏற்றி வரும் வேன் ஓட்டுகிறவர். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ புள்ள, நாம கல்யாணத்துக்குப் போறமா, கட்டட வேலைக்குப் போறமா?"

"ஒங்க மகனுக்குத்தான்."

"ஏன், அந்த ஊருல சுண்ணாம்பு கெடைக்காதா?"

"கெடைக்கும். அவன் தாத்தாவுக்கு அடிச்ச சுண்ணாம்பு கெடைக்குமா?"

 பெட்டியை அவரே இறுக்கிக் கட்டினார்.

திருநாளன்று காலையில் மதினி எங்களை ரயில் ஏற்றிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நெல் வயல், வாய்க்கால், தென்னை. வத்தலக்குண்டு பக்கம் போகிற மாதிரியே இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்பின் பார்க்காத மாதிரி ஊராக இருந்திருந்தால் பரவாயில்லை. நம் ஊர் மாதிரியே இருக்கிற ஊரில், நம் ஆட்கள் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளையைக் கிடத்தியிருக்கிறோமே என்று இருந்தது.

எதிரில் ஒரு மலேசியத் தமிழர் உட்கார்ந்திருந்தார். ஹாட்யாயில் துணி எடுத்து வந்து விற்கிறவராம், தாய் பாஷையும் பேசுவார். எல்லை நெருங்க, வயலுக்கு நடுவே செங்குத்தான கல்மலைகள் வந்தன. என் வீட்டுக்காரர், "நம்ம கோட்டை மலை மாதிரி இருக்கு" என்றார்.

"எல்லாம் சுண்ணாம்புக் கல்லுங்க" என்றார் அந்த ஐயா.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா? இங்க மலையே சுண்ணாம்பாம். நீ திண்டுக்கல்லுலருந்து தூக்கிட்டு வாரே."

எனக்கும் சிரிப்பு வந்தது. மகன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பாடாங் பெசார் என்ற ஸ்டேஷனில் எல்லோரும் சாமான்களோடு இறங்க வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் மலேசியாக்காரர்கள் முத்திரை குத்துகிறார்கள். கொஞ்சம் தள்ளித் தாய்லாந்துக்காரர்கள் குத்துகிறார்கள். பிறகு திரும்ப ரயில் ஏற வேண்டும். அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. "ஒரு மணி நேரம் நமக்குத் திரும்பக் கெடைச்சிருச்சு" என்றார் என் வீட்டுக்காரர். நான் வேறு எதையெல்லாமோ நினைத்துக்கொண்டேன்.

தாய்லாந்துப் பக்கம் பெட்டி சோதிக்கிற மேசையில் ஒரு பெண் அதிகாரி. என் சேலைகளை விலக்கிவிட்டுப் பொட்டலத்தை எடுத்தார். வெள்ளைப் பொடி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டியது. அவர் முகம் மாறியது. இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எனக்கு அப்போதும் புரியவில்லை. துணிக்கடை ஐயாதான் ஓடி வந்தார்.

"என்னா பொடிம்மா இது? கேக்கிறாங்க."

"சுண்ணாம்புய்யா. எம்மகன் கல்லறைக்கு அடிக்க."

அவர் அதைத் தாய் பாஷையில் சொன்னார். அதிகாரி இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நம்ப மாட்டேங்கிறாங்கம்மா. வெள்ளைப் பொடின்னாலே இங்க வேற அர்த்தம் லா. கல்லறைக்கு யாராச்சும் வெளிநாட்டுலேர்ந்து சுண்ணாம்பு தூக்கிட்டு வருவாங்களான்னு கேக்கிறாங்க."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் என் வீட்டுக்காரர். 

"செத்த நேரம் சும்மா இருங்க."

மாதாவே என்று சொல்லிக்கொண்டு பொட்டலத்தைக் கையில் கேட்டு வாங்கினேன். முடிச்சை அவிழ்த்து வலது உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை விட்டுக் குழைத்தேன். இடது கையில் மட்டையை எடுத்து வெறும் காற்றில் மேலும் கீழும் வெள்ளையடித்துக் காட்டினேன். கழுத்துச் சிலுவையைத் தொட்டேன். கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, தூங்குகிறான் என்று காட்டினேன். பிறகு அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த அதிகாரி கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். கோபம் போய்விட்டது. மெதுவாக ஏதோ சொன்னார்.

"நம்பிட்டாங்கம்மா. ஆனா பொடியை உள்ள விட முடியாதாம். சட்டம் அப்படியாம். மன்னிச்சுக்கச் சொல்றாங்க."

மட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பொட்டலத்தை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். ரயில் கூவியது. நாங்கள் ஏறிவிட்டோம்.

ரயிலில் என் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "கையைக் கழுவு புள்ள. வெந்துரும்."

"இருக்கட்டும்."

"சொன்னாக் கேளு."

"இம்புட்டுத்தாங்க மிச்சம் இருக்கு" என்றேன்.

அவர் பாட்டிலை மூடிவிட்டார். வலது கையை முந்தானைக்குள் மூடி வைத்துக்கொண்டு இடது கையால் செபமாலை உருட்டினேன். இடது கை என்று மாதா கோபிக்க மாட்டாள். சுண்ணாம்பு காயக் காயத் தோல் இழுத்து எரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் அந்த ஊர்க்காரர்களும் குடும்பம் குடும்பமாக மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துணிக்கடை ஐயா தன் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து, காவலாளியிடம் விசாரித்துக் காட்டினார். சின்ன சிமெண்டுக் கல்லறை. பெயரை அந்த ஊர் எழுத்தில் எழுதியிருந்தார்கள், என்னால் படிக்க முடியவில்லை. பாஸ்போர்ட் போட்டோவை மட்டும் ஒட்டியிருந்தார்கள். அவன்தான்.

என் வீட்டுக்காரர் மட்டையால் சருகைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே, "அப்பு, அம்மா வந்திருக்காடா" என்றார். அடக்கத்தன்றுகூட அழாத மனிதர், மட்டையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நம் கோயிலில் வாங்கி வந்த தீர்த்தத்தை உள்ளங்கையில் விட்டேன். காய்ந்த சுண்ணாம்பு கொஞ்சம் இளகியது. அவன் பெயருக்குக் கீழே கையை வைத்து அழுத்தினேன். எடுத்தபோது என் கை அங்கே வெள்ளையாக இருந்தது. ஐந்து விரலும் சரியாகக்கூட விழவில்லை.

"மழை பெஞ்சா போயிரும் புள்ள. கடையில பெயிண்ட் வாங்கிட்டு வரவா?"

"வேண்டாங்க."

மெழுகுவர்த்தி முடிகிற வரை இருந்து செபம் சொல்லிவிட்டு வந்தோம்.

ஊருக்கு வந்த பிறகு பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. போதைப்பொருள் என்று எங்களைப் பிடித்து வைத்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கை அடையாளம் எந்த மழைக்கும் அழியாமல் அப்படியே இருக்கிறது, அது அற்புதம் என்று இப்போது சொல்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, பிள்ளை தலையில் என் கையை வைக்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

அற்புதம் செய்கிறவர் ஆண்டவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இது அற்புதம் இல்லை. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் கேட்டுக்கொண்டபடி துணிக்கடை ஐயா அங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றிப் போட்டோ அனுப்பினார். சிமெண்டு சாம்பல் நிறத்தில் இருந்தது. கை அடையாளம் இல்லை.

படிப்பவர்கள் இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். பிள்ளையைத் தூர தேசத்தில் அடக்கம் செய்துவிட்டு இருக்கிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அந்த அதிகாரியைக் கெட்டவர் ஆக்க வேண்டாம், என்னைப் புனிதை ஆக்க வேண்டாம். ஒரு தாய் போய்த் தொட்டுவிட்டு வந்தாள், அடையாளம் மழையில் அழிந்துவிட்டது. அழிந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்.