அறுநூறு மில்லி செகண்ட்

கோல சிலாங்கூருக்கு வடக்கே, செம்பனைக் காட்டுக்குள் நாற்பது வீடுகள் மட்டும் மிஞ்சிய ஒரு தோட்டத்தின் ஆபீசில் கிராணியாக இருக்கிறாள் யூஜினியா. ஆள் பேர் பதிவது அவள் வேலை. இன்டர்நெட் அவள் தலையெழுத்து. ‘பயப்படாமல் சுவிட்சைத் தட்டிப் பார்த்தவள்’ என்ற ஒரே தகுதியில் தோட்டத்துக்கே இன்டர்நெட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியைப் பழைய மேனேஜர் அவள் தலையில் கட்டினார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், பெட்டி போகவில்லை.

பெட்டிக்கு இரண்டு வழி. ஒன்று சாட்டிலைட் தட்டு. அகலமானது, தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் படம் பார்க்கலாம். ஆனால் பேச்சு வானத்துக்குப் போய்த் திரும்ப அறுநூறு மில்லி செகண்ட், அரை நொடிக்கும் மேல், ஆகும். மற்றது டவுன் போன் கோபுரத்தைப் பார்த்து நிற்கும் பழைய ரேடியோ ஆன்டெனா. நாற்பதே மில்லி செகண்ட், ஆனால் நடுவில் மரங்கள் வளர்ந்து மறைத்ததில் அது ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. எந்த வழி அப்போது சீக்கிரம் போய்ச் சேர்கிறதோ அதிலேயே எல்லாரையும் அனுப்பும்படி பெட்டியைப் பழக்கியிருந்தாள். மதியங்களில் அந்த எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி கண் திறந்தே கனவு காண்பாள்.

தங்கை வலேரிக்குத் தொண்டையில் கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். குரல் திரும்புமா என்பதற்கு டாக்டர் பிடி கொடுக்கவில்லை. அவள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரி வார்டில் யாரையும் விடுவதில்லை. தவக்காலத்தில் தோட்டத்துக் கோயிலில் மாதாவின் புலம்பலை அக்காளும் தங்கையும்தான் சேர்ந்து பாடுவார்கள்.

“ஒரே ஒரு வாட்டி சேந்து பாடிரலாம்க்கா. போன்லயே,” என்றாள் வலேரி.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முட்டி போட்டபடியே யூஜினியா திருட்டுத்தனமாகப் போனில் ரேடியோவின் வேகத்தை அளந்தாள். சுத்தமான நாற்பது. மனசு குளிர்ந்தது. தோட்டமே போனை மூடிவிட்டு ஜெபிக்கும் நேரத்தில் அளந்தால் எந்தப் பாதைதான் காலியாக இருக்காது? கெட்டிக்காரிக்கு அது உறைக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்தது. எல்லாரும் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தார்கள். ஆபீசில் உட்கார்ந்து யூஜினியா தங்கையை வீடியோவில் அழைத்தாள். பெட்டி அத்தனை பேரையும் ரேடியோவுக்குள் தள்ள, அதற்கு மூச்சு முட்டியது. உடனே பெட்டி எல்லாரையும் சாட்டிலைட்டுக்கு மாற்றியது. ரேடியோ காலியானதும் மறுபடி இங்கே. திருவிழாச் சாப்பாட்டில் குட்டை வரிசையைக் கண்டு மொத்தக் கூட்டமும் தாவுமே, அதே கதை. தங்கை முடித்த அடியை அக்காள் அப்போதுதான் தொடங்கினாள்.

“நீ பின்னாடியே வர்ற லா!” வலேரி சிரித்தாள். மூன்றாம் தடவையும் பாட்டு பிசகியபோது சிரிக்கவில்லை. “அர மணி நேரந்தான்க்கா. நர்ஸ் போன வாங்கிருவாங்க.”

யூஜினியாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. படம் பார்ப்பவனுக்கு அரை நொடி பிந்தினால் குடியா முழுகிவிடும்? பாட்டுக்குத்தான் முழுகும். யாருக்கு எது வேண்டும் என்று பாராமல், ஒரே அளவுகோலால் எல்லாரையும் துரத்தியிருக்கிறாள். நாற்பது வீட்டையும் சாட்டிலைட்டிலேயே நிறுத்தினாள். ரேடியோ அவள் போன் ஒன்றுக்கு மட்டும். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. நனைந்த மட்டைகளுக்கு நடுவே ரேடியோ வழி இன்னும் சுருங்கியது. முகமும் குரலும் சேர்ந்து வர இடமில்லை. வலேரியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மெல்லச் சேர்ந்து, மறுபடி உடைந்தது. யூஜினியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க ஆசையாக இருந்தது.

“பாப்பா, கேமராவ மூடிரு.”

“அப்ப ஒன்ன எப்படிப் பாக்கறது?”

“பாக்க வேணாம். பாடு.”

திரை கறுத்தது. மழைச் சத்தத்துக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது. முதல் அடியிலேயே இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. மூன்றாம் அடியில் வலேரி மூச்சு வாங்குவாள், அந்த இடத்தை எப்போதும் அக்காள்தான் நிரப்புவாள். நிரப்பினாள். ஆபீஸும் மழையும் எங்கேயோ விலகிப் போயின. யூஜினியாவின் கன்னம் நனைந்திருந்தது, குரல் மட்டும் ஆடவில்லை.

பாட்டு முடிந்தது. நர்ஸ் வர இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது.

“க்கா, திருப்பி மொதல்லேருந்து,” என்றாள் வலேரி.