சத்தம் நின்ற நெஞ்சு

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வேலம்பாளையத்தில், மூன்று பக்கமும் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்தது. கீழே டாக்டரம்மாவின் அறை, பிரசவ அறை, ஆபரேஷன் தியேட்டர். மேலே வார்டு. நான் பல்லடம் பக்கத்துக்காரி. நர்ஸ் படிப்பை முடித்து அங்கே சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். வருகிற நோய்களும் பழகியவைதான். மழை முடிந்தால் காய்ச்சல், வெயில் ஏறினால் வயிற்றுப்போக்கு, பனி இறங்கினால் மூச்சு இழுப்பு.

இழுப்புக்கு வருகிறவர்களில் ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூர் வந்தவள். புருஷன் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மேஜையில். அவள் அதே கம்பெனியில் கைமடி வேலை. மெஷினில் உட்கார்ந்திருக்கும் தையல்காரருக்குத் துணி எடுத்துக் கொடுப்பதும், தைத்து விழுவதை மடித்து அடுக்குவதும்தான் கைமடி. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி முகத்துக்கு நேராகப் பறக்கும். அவள் வரும்போது புருவத்திலும் காதோர முடியிலும் அன்றைக்குக் கம்பெனியில் தைக்கிற துணியின் நிறம் படிந்திருக்கும். "இன்னிக்கு ரோஸ் கலர் ஆர்டர்க்கா," என்று இழுப்புக்கு நடுவிலேயே சிரிப்பாள்.

டாக்டரம்மா அவளுக்கு வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து, இன்ஹேலர், எழுதிக் கொடுத்திருந்தார். அதைத் தினமும் இழுத்தால் வார்டுக்கு வரவே வேண்டாம் என்று நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் கேட்பாள், தலையாட்டுவாள். அடுத்த முறை வரும்போது பெட்டி பிரிக்காமல் இருக்கும். "அதப் பழகிட்டா அப்புறம் விடவே முடியாதுன்னு சொல்லுதாகக்கா. இன்னும் பிள்ளை பெறல, அதுக்குள்ள சீக்காளின்னு பேராயிரும்," என்றாள் ஒருமுறை.

ஒரு தை மாதக் காலையில் புருஷன் அவளைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தான். மூச்சின் விசில் சத்தம் படிக்கட்டில் ஏறும்போதே வார்டுக்குள் கேட்டது. டாக்டரம்மா வந்து பார்த்தார். ஆக்ஸிஜன், ஆவி மருந்து, நரம்பில் ஸ்டீராய்டு, சொட்டு மருந்து எல்லாம் ஆரம்பித்தோம். "கொஞ்ச நேரத்துல எறங்கீரும். பாத்துக்கங்க சிஸ்டர்," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள். வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன். டாக்டரம்மா ஓடினார். மயக்க மருந்து டாக்டரும் வந்து சேர்ந்தார். தியேட்டர் கதவைச் சாத்தினார்கள்.

மேலே நானும், புதிதாகச் சேர்ந்த இன்னொரு நர்ஸும்.

தினமும் கரண்டை நிறுத்துகிற காலம் அது. எங்கள் ஜெனரேட்டர் தியேட்டருக்கும் சில விளக்குகளுக்கும்தான் தாங்கும். அன்றும் கரண்ட் போனது, ஆவி பிடிக்கிற மெஷின் நின்றது. குழாயைக் கழற்றி ஆக்ஸிஜன் சிலிண்டரில் மாட்டி மருந்து புகையாக வரும்படி செய்தேன். அதே சமயம் சுற்றியிருந்த கம்பெனிகளின் ஜெனரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. சுவரெல்லாம் அதிர்ந்தது. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு பேசக் கத்த வேண்டும்.

வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த ஒரு குழந்தைக்கு ஊசி நரம்பைவிட்டு நழுவியிருந்தது. அதை மாற்றிப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் முகம் தெளிந்து நின்றான்.

"சத்தம் நின்னுட்டு சிஸ்டர். ராத்திரி பூரா உறங்கல. இப்பந்தான் கண்ணு சொக்குதா. எழுப்பாதீங்க."

உண்மைதான். விசில் சத்தம் இல்லை. அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள், கண் பாதி மூடியிருந்தது. மருந்து வேலை செய்துவிட்டது என்று அந்த ஒரு கணம் எனக்கும் நெஞ்சு லேசாயிற்று. பிறகு அவள் கழுத்தைப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. தை மாதக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை.

ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. முதுகில் வைத்தேன். அங்கேயும் இல்லை. ஜெனரேட்டர் இரைச்சல் மட்டும் குழாய் வழியாக என் காதுக்குள் இறங்கியது. நெஞ்சுக்குள் சத்தம் இல்லையா, என் காதுக்குத்தான் கேட்கவில்லையா? விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி எங்களிடம் ஒன்றே ஒன்று. அது தியேட்டரில், அந்தப் பிரசவக்காரியின் விரலில் இருந்தது.

இழுப்பில் சத்தம் குறைவதற்கு இரண்டு காரணம் உண்டு. மூச்சுக்குழாய் திறந்துவிட்டால் சத்தம் போய்விடும். மூச்சுக்குழாய் முழுக்க அடைத்து, காற்றே ஓடாமல் போனாலும் சத்தம் போய்விடும். முதலாவது குணம், இரண்டாவது சாவின் வாசல். வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான்.

நான் அவள் தோளைத் தட்டினேன். "கண்ணு, என்னைப் பாரு. உம் பேரு சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். பேரின் முதல் எழுத்து வந்தது. மீதி வரவில்லை. கையை எடுத்து முகமூடியைத் தள்ளிவிடப் பார்த்தாள், அதற்கும் தெம்பில்லாமல் கை விழுந்தது. நாடியைப் பிடித்தேன். ஓடிக்கொண்டிருந்த நாடி, மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் என் விரலுக்கடியில் மறைந்து மறைந்து வந்தது.

தூக்கமில்லை. அவள் மூச்சுவிட்டு விட்டுக் களைத்துப் போய், அந்த முயற்சியையே கைவிட்டுக்கொண்டிருந்தாள்.

புது நர்ஸை அவள் பக்கத்தில் நிறுத்தி, மூச்சு நின்றால் கையால் அமுக்குகிற ரப்பர் பையால் காற்று அடிக்கச் சொல்லிவிட்டு, படியில் இறங்கி ஓடினேன். தியேட்டர் கதவைத் தட்டாமல் திறந்தேன். டாக்டரம்மாவின் இரண்டு கைகளும் அந்தத் தாயின் வயிற்றுக்குள் இருந்தன. குழந்தை இன்னும் வெளியே வரவில்லை.

"மேல இழுப்புக்கார பொண்ணுக்கு நெஞ்சுல சத்தமே இல்லீங்கம்மா. பேச்சு வரலீங்க. தூங்கித் தூங்கி உளுகறா."

டாக்டரம்மா தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். எனக்கு ஒரே பயம், நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டுவிடுவாரோ என்று.  அவர் கேட்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்க மேல போங்க சார். இவங்கள நான் பாத்துக்கறேன்."

அவர் ஒரு கணம் தயங்கினார். மேஜையில் இருந்தவளையும் விட்டுப் போகக் கூடாது. மேலே இருப்பவளையும் விடக் கூடாது. இருப்பதோ ஒரே ஆள். பிறகு குழாயும் மருந்துப் பெட்டியும் எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்.

அவளைப் பார்த்ததும் அவர் ஸ்டெதாஸ்கோப்பைக்கூட எடுக்கவில்லை. மருந்து கொடுத்து, தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாயைப் போட்டார். அதன் முனையில் பையை மாட்டி என் கையில் கொடுத்தார். எங்களிடம் வென்டிலேட்டர் கிடையாது. கோயமுத்தூர் கொண்டு போக வேண்டும். அவர் கீழே போயாக வேண்டும்.

"நீங்கதான் கூடப் போகணும் சிஸ்டர். பையை மெதுவா அமுக்குங்க. அமுக்கிட்டு, காத்து முழுசா வெளிய வர வரைக்கும் பொறுங்க. இவங்களுக்கு உள்ள போறது சுலபம், வெளிய வர்றதுதான் கஷ்டம். அவசரப்பட்டா காத்து உள்ளயே தங்கி இதயத்த நெருக்கிரும். பை கெட்டியாச்சுன்னா பையக் கழட்டிட்டு, ரெண்டு கையாலயும் நெஞ்ச அமுக்கி விடுங்க."

சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கினார். கீழே அப்போதுதான் ஒரு குழந்தை அழுதது.

ஆம்புலன்ஸ் என்பது ஒரு மாருதி வேன். பின் சீட்டை எடுத்துவிட்டு ஒரு பலகைக் கட்டில் போட்டிருந்தார்கள். அவள் தலைமாட்டில் நான் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். காலடியில் அவள் புருஷன். டிரைவர் அவிநாசி பக்கத்து ஆள், அப்பா வயது. "புடிச்சுக்கங்க அம்மிணி," என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். வண்டி கிளம்பியது.

பையை அமுக்கினேன். காத்திருந்தேன். அவள் நெஞ்சு மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். மறுபடி அமுக்கினேன்.

அந்தக் காத்திருப்புதான் என்னைக் கொன்றது. சாகப் போகிற ஒருத்திக்குக் காற்றுக் கொடுக்கிற பையைக் கையில் வைத்துக்கொண்டு, அமுக்காமல் சும்மா இருக்க வேண்டும். விரல்களெல்லாம் அமுக்கு அமுக்கு என்று துடித்தன. அவள் புருஷனுக்கு அது கண்கொண்டு பார்க்க முடியாததாக இருந்தது.

"வேகமா அடிங்க சிஸ்டர். ஏன் நிறுத்தி நிறுத்தி அடிக்கீக?"

"மெதுவாத்தான் அடிக்கோணுங்க. காத்து வெளிய வரோணும்."

"அவளுக்கு மூச்சு வேணும். நீங்க சும்மா பாத்துக்கிட்டு இருக்கீகளே."

நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பேசினால் கணக்குத் தப்பிவிடும் என்று பயம். பூண்டியில் சிற்பிகள் சாலையோரம் கல் கொத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவை மூடியும் கல்தூசி உள்ளே வந்தது. அவிநாசியில் ஒரு லாரி குறுக்கே நின்றது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

கருமத்தம்பட்டி தாண்டும்போது பை கெட்டியாயிற்று. அமுக்கினால் என் கைக்கு எதிராகத் தள்ளியது. அவள் நெஞ்சு பீப்பாய்போல உப்பிய நிலையிலேயே நின்றது, இறங்கவில்லை. உதடு கறுத்தது. கழுத்தில் நாடியைத் தேடினேன். எங்கோ தூரத்தில் இருந்தது, பிறகு அதுவும் இல்லை.

அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் சொல்லக் கேட்பது வேறு. கண்ணெதிரே ஒருத்தி நீலமாகிக்கொண்டிருக்கும்போது, அவளுக்கு இருக்கிற ஒரே காற்றுப் பையைக் கழற்றி எடுப்பது வேறு. நான் தவறாக நினைத்திருந்தால் அவளைக் கொன்றவள் நான்தான். தேவனே என்றுகூட வாயில் வரவில்லை. பையைக் கழற்றினேன்.

"என்ன பண்ணுதீங்க? விட்டுட்டீங்களா?" அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "விட்ராதீங்க சிஸ்டர். கும்பிடுதேன், விட்ராதீங்க."

"கையை உடுங்க."

அவன் விடவில்லை. டிரைவர் திரும்பாமலே சொன்னார். "தம்பி, கைய எடு சாமி. அவங்க வேலையச் செய்யட்டும்."

அவன் கை தளர்ந்தது. நான் அவள் விலாவின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அமுக்கினேன். குழாயின் முனையிலிருந்து காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. சைக்கிள் டயரில் காற்று இறங்குவதுபோல, இவ்வளவு காற்றையா இந்தச் சின்ன உடம்பு உள்ளே வைத்திருந்தது என்று தோன்றும் அளவுக்கு நீளமாக. மறுபடி அமுக்கினேன். பிறகு கழுத்தில் விரல் வைத்தேன். வண்டியின் குலுக்கலில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. வண்டி ஒரு மேடு ஏறி இறங்கியபின் தெரிந்தது. நாடி வந்திருந்தது.

கோயமுத்தூர் போவதற்குள் இன்னொரு முறை அப்படிச் செய்ய வேண்டி வந்தது. அந்த முறை, நான் பையைக் கழற்றியதும் அவனே அவள் முந்தானையை விலக்கி என் கைக்கு இடம் செய்தான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவளை வாங்கிக்கொண்டு கதவுக்குள் போய்விட்டார்கள். பையைப் பிடித்திருந்த என் விரல்கள் வளைந்த நிலையிலேயே நின்றுவிட்டன, நிமிர்த்த முடியவில்லை. டிரைவர் டீ வாங்கி வந்தார். டம்ளரைப் பிடிக்க முடியாமல் பெஞ்சில் வைத்துக் குனிந்து குடித்தேன். பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு பல நாட்கள் போயின. தகவல் ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், அந்தக் கூட்டத்தில் அவளைத் தேடிப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. நாடி இல்லாமல் போன அந்த நேரம் மூளைக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும், பையை இன்னும் முன்னாலேயே கழற்றியிருக்க வேண்டுமா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். வார்டில் யாராவது அயர்ந்து தூங்கினால் எழுப்பிப் பேர் கேட்டேன். ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார். "ஏனுங்க சிஸ்டரு, தூங்கறதுக்குக்கூட உடமாட்டீங்களா?"

மாசிக் கடைசியில் அவள் நடந்து வந்தாள். மெலிந்து போயிருந்தாள். குழாய் போட்டதில் குரல் கரகரத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சத்தம் நின்னுட்டுன்னு அவுக சந்தோசமா சொன்னது எனக்குக் கேட்டுச்சுக்கா," என்றாள். "இல்லன்னு சொல்லணும். சொல்லதுக்கு மூச்சு இல்ல. எல்லாரும் நல்லாயிட்டேன்னு நெனச்சிட்டு இருக்கும்போதே செத்துருவேன்னு நெனச்சேன்."

நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவள் முதுகில் வைத்தேன்.

அவள் அதன்பின் உறிஞ்சும் மருந்தைக் காலையும் மாலையும் இழுத்தாள். ஆனால் கம்பெனியில் யாருக்கும் தெரியாமல். தெரிந்தால் சீக்காளி என்று நிறுத்திவிடுவார்கள். ஆம், அதே கம்பெனிதான், அதே கைமடி வேலைதான். வேறு வேலைக்குப் போ என்று நான் சொன்னேன். "தூசி இல்லாத வேல இந்த ஊர்ல எங்கக்கா இருக்கு?" என்று கேட்டாள். 

பிறகு ஆர்டர் குறைந்து கம்பெனிகள் வாரத்தில் பாதி நாள் மூடிக்கிடந்த சமயத்தில் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். போகிற அன்று இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. மருந்தை நிறுத்தக் கூடாது, கர்ப்பத்துக்கு மருந்தைவிட இழுப்புதான் கெடுதல் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். நான் அவனைத் தனியாக நிறுத்தி, எதையெல்லாம் பார்த்தால் உடனே வண்டி பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் கழுத்துக் குழியைத் தன் விரலால் தொட்டுக் காட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான்.

"உங்க ஊர்ல பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"பஸ் உண்டு சிஸ்டர்," என்றான். "காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு."

அதன்பின் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.