பல்டி அடித்த பருந்து

மாரியாத்தா மேல் ஆணை, இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் என் கையில் இனி எந்தப் பசையும் ஒட்டாமல் போகட்டும். விழுந்து நொறுங்கிய ரிமோட் விமானங்களுக்கு உடம்பு ஒட்டித் தருவது என் தொழில். எதையாவது ரிப்பேர் செய்து பிழைக்கிற உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்: சாமானைக் கொண்டு வருகிற எவனும் ‘உடைச்சிட்டேன்’ என்று சொல்வதில்லை.

லேசான அடி

மாரண்டஹள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் மாதப்பன், ஒரு சாக்கோடு காரிமங்கலத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தார். செந்தூரா மாங்காய் பறிக்க இன்னும் பத்து நாள். கிளிக்கூட்டம் தினமும் இறங்கிக் கடித்துத் துப்புகிறது. ஒரு கடி பட்ட காயை எந்த வியாபாரியும் தொடமாட்டான். போன வருஷம் பாதித் தோப்பு அப்படித்தான் போயிற்று. அதனால் இந்த வருஷம் தெர்மாகோல் விமானம் ஒன்றுக்குப் பருந்து மாதிரி சாயம் அடித்துப் பறக்கவிட்டிருக்கிறார். கிளிகள் ஓடின. விமானம் பனைமரத்தில் மோதியது.

“லேசா தட்டிருச்சு மாமா” என்று சாக்கைக் கவிழ்த்தார். இறக்கை முழுசாக இருந்தது. உடம்பு மூன்று துண்டு, மீதியெல்லாம் பொரி. கூட வந்த அவர் மனைவி முனியம்மா சொன்னார்: “பனைமரத்துக்கும் லேசாத்தான் அடிங்கண்ணா. ஒரு குலை நுங்குதான் விழுந்துச்சு.”

பசை தின்ற ஓட்டை

நடுத்துண்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் உருகியிருந்தது. “இது பனைமரம் போட்ட ஓட்டை இல்லியே மாப்ளே” என்றேன். மாதப்பன் கூரையைப் பார்த்தார். என்னிடம் வருமுன், நொடியில் ஒட்டும் பசையை அவரே ஊற்றிப் பார்த்திருக்கிறார். அது தெர்மாகோலை உருக்கிவிடும்.

ஓட்டையைச் சதுரமாக அறுத்துப் புதுத்துண்டு வைத்தேன். உள்ளே முதுகெலும்பு போல ஒரு மூங்கில் சிம்பு. தச்சர்கள் பூசும் வெள்ளைப் பசையால் ஒட்டி, இரண்டு நாள் காயவைத்தேன். எவ்வளவு உறுதி என்றால், அந்த உடம்பின் மேல் கடைப்பூனை ஏறிப் படுத்து நாலு குட்டி போட்டது. ஒரு கீறல் இல்லை. மாதப்பன் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் பசைய ஒட்டறதுக்குன்னுதான் வாங்குனேன் மாமா. அது ஒக்காந்து தின்னுட்டுப் போயிருச்சு.”

மூக்கில் களி

ஒட்டுப்போட்டால் எடை கூடும். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் விமானம் தராசு முள் போல நிற்க வேண்டும். இதுவோ வால் பக்கம் சாய்ந்தது. மூக்கில் வைக்க ஈயம் தீர்ந்திருந்தது. எதிரே மத்தியானச் சாப்பாட்டு ராகிக்களி இருந்தது. ஒரு உருண்டை எடுத்து மோட்டாருக்குப் பின்னால் அமுக்கி வெயிலில் வைத்தேன். காய்ந்தபின் சுத்தியலால் தட்டினேன். சுத்தியலில்தான் பள்ளம் விழுந்தது.

தோப்பில் அழகாகப் பறந்தது. கிளிகள் ஓடின. மூன்றாம் நாள் அவற்றுக்குப் பழகிவிட்டது. விமானம் மேலே சுற்ற, அவை கீழே நிதானமாகக் கடித்தன. பறிப்புக்கு இன்னும் ஐந்தே நாள். முனியம்மா போனில் சொன்னார்: “கிளிங்களுக்கு நிழலாச்சுங்கண்ணா. வெயில் தெரியாம தின்னுதுங்க.”

அணில் செய்த ரிப்பேர்

மறுநாள் நானே போனேன். விமானம் பம்புசெட் அறையில் மாட்டியிருந்தது. மாதப்பன் எடுத்து வீசினார். அது தலையைத் தூக்கியது, வாலில் நின்றது, பின்பக்கமாக ஒரு பல்டி அடித்தது. பிறகு இன்னொன்று. தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பதினேழு பல்டி, நானே எண்ணினேன். கிளிகள் பருந்தைப் பார்த்திருக்கின்றன. பைத்தியம் பிடித்த பருந்தைப் பார்த்ததில்லை. ஒரே கூச்சலாகக் கிளம்பி வடக்கே கிருஷ்ணகிரி பக்கம் போனவைதான், பறிப்பு முடியும்வரை திரும்பவில்லை.

வைக்கோல் போரில் குத்தி நின்ற விமானத்தை எடுத்து மூக்கைத் திறந்தேன். வாலுக்கு ஈடாக வைத்த களி இல்லை, அணில் பல் பட்ட தடம் மட்டும் இருந்தது. சத்தமில்லாமல் மூடினேன். மாதப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “ஒடம்பு எப்படி வேணா இருக்கட்டும் மாமா. அந்தப் பல்டி மட்டும் கெடாம ஒட்டிக் குடுங்க.”

இத்தனை வருஷத் தொழிலில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஒரே வேலையை ஓர் அணில்தான் செய்தது, ஆனால் கிருஷ்ணகிரித் தோப்புக்காரர்கள் இந்தக் கிளிகள் யாரால் வந்தன என்று சந்தை சந்தையாக விசாரித்துக்கொண்டிருப்பதால், இதை யார் சொன்னது என்று மட்டும் தயவுசெய்து எவரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.