போகாத தீவில் ஒரு கம்பெனி

என்னைப் பெண் பார்க்க வந்தவருக்குச் சொந்தமாக ஒரு கம்பெனி இருந்தது. ஆனால் அதை அவரே கண்ணால் பார்த்ததில்லை. அறுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் மத்திகிரியில் இப்படி ஒன்றைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளையின் பிழைப்பை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பெண் வீட்டார் வாக்குக் கொடுப்பார்கள். பெரியப்பா மகளுக்குப் பேரிகை என்ற ஊரில் வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றில் அப்பா இறங்கித் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த மனுஷர், பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். அம்மா போன பிறகு அவருக்கு நானும் எனக்கு அவரும்தான்.

வந்தவர் கிருஷ்ணகிரிக்காரர். சிங்கப்பூரில் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை. அவரும் ஒரு கூட்டாளியுமாகப் பழைய சரக்குக் கப்பல் ஒன்றை வாங்கி, அதற்காகவே கம்பெனி வைத்திருந்தார்கள்.

"கம்பெனி அட்ரஸ் குடுங்க தம்பி. என் தங்கச்சி மகன் சிங்கப்பூர்லதான் இருக்கான், போயிப் பாத்துட்டு எழுதச் சொல்றேன்" என்றார் அப்பா.

"கம்பெனி சிங்கப்பூர்ல இல்லீங்க. அமெரிக்காவுக்குக் கிட்ட ஒரு தீவு. அங்க வருமான வரி கெடையாது."

"நீங்க போயிருக்கீங்களா?"

"இல்லீங்க."

பிறகு விளக்கினார். தீவில் ஒரு வக்கீல். இவர்கள் எழுதிக் கேட்டதும், வக்கீலின் குமாஸ்தாக்களே முதல் பங்குதாரர்களாகக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். அப்புறம் பங்குகளை இவர்கள் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். வக்கீல் ஆபீஸ் வாசலில் ஒரு பித்தளைப் பலகை. அதே சுவரில் இன்னும் எத்தனையோ கம்பெனிகளின் பலகைகளாம்.

முகம் தெரியாத யாரோ பேனாவைத் திறக்க, கூரையும் கூலியாளும் இல்லாத ஒன்று பிறந்து, ஒரு கப்பலுக்கே சொந்தக்காரனாகிவிடுகிறது. கோவிலில் சாமியார் சொன்ன படைப்புக் கதைகூட என்னை அப்படி மலைக்க வைத்ததில்லை. உடம்பு சிலிர்த்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அப்பா காபியைத் தொடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. போகாமலே கம்பெனி நடத்தறவரு, வராமலே பொண்டாட்டியும் வெச்சிருக்க மாட்டாருன்னு நான் எப்பிடி நம்பறது?"

சிங்கப்பூர்க்காரர்களைக் கட்டிய இரண்டு பெண்கள் எங்கள் தெருவிலேயே கடிதத்தோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போய்விடக் கூடாதே என்றும் நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க கேக்கறது நியாயந்தாங்க. இவங்களுக்கு பாஸ்போர்ட் வந்தப்பறமே கல்யாணத்த வெச்சிக்கலாம். கல்யாணம் முடிஞ்சதும் கையோட கூட்டிட்டுப் போயிடறேன்."

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிழைப்பைப் பார்க்காமல் அவர் கொடுத்த ஒரே வாக்கு அதுதான்.

சில மாதங்கள் கழித்துப் பாஸ்போர்ட் வந்தது. தபால்காரரிடம் வாங்கியவர் அப்பா. என் போட்டோ ஒட்டியிருந்த பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகளைத் தனியே விடாத மாப்பிள்ளையை வாதாடி வாங்கியிருந்தார். இனி தனியே இருக்கப் போவது யார் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"போட்டோல நல்லாத்தான் விழுந்திருக்கற" என்று அதை என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.