பவுடர் போடாத கட்டிடம்

அஸ்தம்பட்டியில் சமியுல்லாவின் ஸ்டுடியோவுக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கண்ணாடி முன்னால் நிறுத்தப்படுவார். சீப்பும் பவுடர் டப்பாவும் அங்கேயே இருக்கும். "மூஞ்சிய கழுவிட்டு லேசா பவுடர் போட்டுக்குங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த மீதி கம்ப்யூட்டரில் நடக்கும். வாழப்பாடியிலும் கெங்கவல்லியிலும் வெயிலில் காய்ந்து கறுத்த மாப்பிள்ளைகள் அவருடைய ஆல்பங்களில் பால்கோவா நிறத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகு கான்கிரீட் மேல் ஆசை வந்தது. பக்கத்துக் கடைக்காரருக்குச் சர்க்கரை வந்த அதே வருஷம் இவருக்கு இது வந்தது. கல்யாணம் இல்லாத ஞாயிறுகளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவார். மேம்பாலத்தின் அடிவயிறு, குடிநீர்த் தொட்டியின் கால்கள், எழுபதுகளில் எவரோ ஒரு என்ஜினியர் பூச்சு பூசாமல் வெறும் கான்கிரீட்டாகவே நிறுத்திவிட்டுப் போன அலுவலகங்கள், இவைதான் அவருக்கு வேண்டும். இந்தப் பாணிக்கு வெளிநாட்டில் பெரிய பெயரெல்லாம் உண்டு. நம் ஊரில் அதற்குப் பெயர், காசு தீர்ந்து பாதியில் நின்ற கட்டிடம்.

சும்மா நின்று ஒரு தூணைப் படமெடுப்பவனை ஊர் நம்பாது. ஐந்து ரோட்டில் மேம்பாலத்தை நோக்கி அவர் கேமராவை உயர்த்தியதும், பாலத்துக்குக் கீழே கொய்யா விற்றவர் ஒன்றும் கேட்காமல் தள்ளுவண்டியை நகர்த்திக்கொண்டு போய்விட்டார். ஆக்கிரமிப்பை அளக்க வந்த ஆள் என்று நினைப்பு. இன்னோர் இடத்தில் ஒரு போலீஸ்காரர் பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும் கேமராவைக் கேட்டார். உட்கார்ந்து அத்தனை படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "வெறும் தூணாவே இருக்கே பாய், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டிலும் அதே கேள்விதான். "ஆளே இல்லாத போட்டோவ எந்தச் செவுத்துல மாட்டறது?" என்றார் மனைவி வஹீதுன்னிசா.

சுவர் கிடைத்தது, சென்னையில். இதே கிறுக்குப் பிடித்த சிலர் அங்கே கண்காட்சி வைத்தார்கள். சங்ககிரிக்கு இந்தப் பக்கம் ஓர் உழவர் சங்கக் கட்டிடத்தை, உச்சி வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்று சமியுல்லா போனில் எடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து அவர்கள் துள்ளிவிட்டார்கள். நல்ல கேமராவில் முறையாக எடுத்து அனுப்பினால் வாசலிலேயே பெரிதாக மாட்டுகிறோம், உங்கள் பெயரையும் போடுகிறோம் என்றார்கள். முப்பது வருஷமாக அவர் எடுத்த படங்களில் மணமக்கள் பெயர்தான் இருந்திருக்கிறது. தன் பெயர் ஒரு சுவரில் வர வேண்டும் என்ற ஆசை அவரைத் தூங்கவிடவில்லை.

அந்தக் கட்டிடம் அப்படி. சாம்பல் நிறத்தில் பெரிய யானை படுத்த மாதிரி கிடக்கும். கான்கிரீட் ஊற்றியபோது அடைத்த பலகைகளின் வரிகள் சுவர் முழுக்க அப்படியே பதிந்திருந்தன. காலை வெயில் சாய்வாக விழுந்தால் ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கும். அதற்காகத்தான் உள்ளே போய்ச் சங்கச் செயலாளர் மருதாசலத்திடம் அனுமதி கேட்டார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தவறு அதுதான்.

"ஏனுங்க பாய், என்னையத் தெரீலீங்களா? எங்க கண்ணாலத்துக்கு நீங்கதானுங்க போட்டோ" என்று மருதாசலம் கையைப் பிடித்துக்கொண்டார். சமியுல்லாவுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சிரித்தார். "நம்ம சங்கம் மெட்ராசுல மாட்டற அளவுக்கு வந்துபோச்சுங்களா? வார ஞாயித்துக்கெழம வாங்க, நாங்க பாத்துக்கறோம்."

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் சுதாரித்திருக்க வேண்டும். தினமும் தன் வாயால் சொல்கிற வார்த்தைதான்.

ஞாயிறு காலை வெயில் அவர் கேட்ட மாதிரியே சாய்வாக விழுந்திருந்தது. விழுந்த இடம் ரோஸ் நிறமாக இருந்தது. பலகை வரிகளை மேலிருந்து கீழ்வரை பள்ளம் தெரியாமல் பட்டி பார்த்து, மழமழவென்று தேய்த்து, ரோஸ் அடித்து, ஓரங்களுக்குப் பச்சைக் கரை கட்டியிருந்தார்கள். வாசலில் வாழைமரம். படியில் சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். வாட்ச்மேன் சென்றாயன் நெற்றியில் புதுப் பட்டை.

சமியுல்லாவுக்கு வண்டியை விட்டு இறங்கக்கூட மனம் வரவில்லை.

"எப்படீங்க நம்ம வேல?" என்றார் மருதாசலம்.

"ஏங்க இதைச் செஞ்சீங்க? அது இருந்தபடியே நல்லா இருந்துச்சுங்களே."

மருதாசலம் சிரித்தார். "அட நீங்க ஒண்ணுங்க பாய். நான் பொறந்ததுல இருந்து அட்டக்கருப்பு. எங்க ஆல்பத்துல என்னையச் செவப்பாக்கினது நீங்கதானுங்க. எம்பட புள்ளைங்க இன்னைக்கும் அதப் பாத்து இது யாருங்கறாங்க. ஒரு மனுசனையே நீங்க அப்படியே உடலியே, அரசாங்கக் காசுல கட்டுனத நாங்க கருங்கும்முன்னு மெட்ராசுக்கு அனுப்புவமா?"

சமியுல்லாவுக்கு அவமானமாக இருந்தது, கூடவே அந்த மனிதர் மேல் பாசமாகவும் இருந்தது. கேமராவை எடுத்து, எல்லோரையும் நெருக்கி நிற்கச் சொல்லி ஒரு குரூப் போட்டோ எடுத்தார். கட்டிடத்தின் படம் வராது என்று சென்னைக்கு வழியிலேயே போனில் சொல்லிவிட்டார். கண்காட்சி வாசலில் வேறு யாருடைய படமோ மாட்டப்பட்டது.

குரூப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்தபோது கை வழக்கம்போல முகங்களை வெளுக்கப் போனது. பிடித்து நிறுத்தினார். வெயிலில் நின்ற முகங்களை நின்றபடியே பிரிண்ட் போட்டு அனுப்பினார். அன்றைக்கு ஏதோ பாவத்தைக் கழுவிய நிம்மதியோடு பிரியாணி சாப்பிட்டார்.

இரண்டு நாளில் மருதாசலம் போன் செய்தார். குரலில் சங்கடம் தெரிந்தது.

"கட்டிடம் அம்சமா வந்திருக்குதுங்க பாய். நாங்கதான் பெயிண்ட் அடிக்காம உட்டுப்போட்டாப்பல இருக்கறோம். ஆபீஸ்ல மாட்டறதுங்க, நாலு பேரு வந்து போற எடம். கொஞ்சம் பாத்துப் பண்ணிக் குடுங்க."

"அனுப்பறேங்க" என்றார் சமியுல்லா. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சென்றாயனில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு முகத்துக்கும் பட்டி பார்த்தார்.