உஷாந்தி சொன்ன விலை

எட்டு வருடத்தில் சாந்தன் ஒருதரம்கூடத் தன் வேலைக்குத் தானாக விலை சொன்னதில்லை. கடைக்காரர்களுக்கும் டியூஷன் நிலையங்களுக்கும் இணையத்தளம் செய்துகொடுப்பது அவன் தொழில். அலுவலகம் என்று ஒன்று கிடையாது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடி வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் எல்லாம் நடந்தது. யாராவது "எவ்வளவு வரும் தம்பி?" என்று கேட்டுவிட்டால், "அதைப் பிறகு பாப்பம், முதல் வேலையைத் தொடங்குவம்" என்பான். வேலை முடிந்தபிறகு அவர்கள் பார்த்துக் கொடுப்பதை வாங்கிப் பொக்கற்றில் வைத்துக்கொள்வான். அதைத் தன் பெருந்தன்மை என்றே வெகுகாலம் நம்பியிருந்தான். காசைப் பற்றிக் கறாராகக் கதைக்கிறவர்களுக்கு வேலை தெரியாது என்பது அவன் எண்ணம்.

மனைவி உஷாந்தி, கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் ஓடர் எடுக்கும் மேசையில் ஒன்பது வருடம் இருந்தவள். நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருடம் கடதாசி கிடைக்காமல் அச்சகத்தை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் மகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். பிறகு சாந்தனின் பழைய கணினியைக் கேட்டு வாங்கி, வீட்டிலிருந்து பலகாரமும் ஊறுகாயும் கேக்கும் செய்து விற்கிறவர்களுக்கு லேபிளும் பெட்டியும் வரைந்து, தகுந்த அட்டையும் தெரிவுசெய்து கொடுக்கத் தொடங்கினாள். அந்த வேலையை அவளுக்குப் பழக்கியவனே சாந்தன்தான். "கை திருந்த நாளெடுக்கும் உஷா. அவசரப்படாதையும்" என்று தோளில் தட்டிச் சொன்னான். அந்த நாட்களில் அவனுக்கு அவள்மேல் அன்பு வழிந்தது.

ஒருநாள் காலை மேசையின் இந்த முனையில் அவனும் அந்த முனையில் அவளும் இருந்தபோது அவளுடைய போன் அடித்தது. ஊறுகாய் போட்டு விற்கும் ஓர் அம்மா.

"ஓம் அன்ரி, வடிவாச் செய்யலாம். இதுக்கு நீங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீங்கள்?"

சாந்தனின் விரல்கள் அப்படியே நின்றுபோயின. இப்படியா முகத்துக்கு நேரே கேட்பது? அந்தப் பக்கத்தில் பேச்சில்லை. அவனாக இருந்தால் அந்த இடைவெளியில் "பரவாயில்லை, இருக்கிறதைத் தாங்கோ" என்று எப்போதோ சொல்லியிருப்பான். உஷாந்தி பேனையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"இருபத்தைஞ்சாயிரத்துக்கு ஒரு லேபிள்தான் செய்யலாம் அன்ரி. மூண்டு ஊறுகாய்க்கும் வேணுமெண்டால் அறுபது. அரைவாசியை முதலே போட்டுவிட்டீங்கள் எண்டால் திங்கக்கிழமை தொடங்குவன்."

போனை வைத்துவிட்டு எழும்பிப் போய்ச் சோற்றை வடித்தாள். பின்னேரத்துக்குள் முப்பதாயிரம் வந்து சேர்ந்துவிட்டது. அதே வாரம் ஐந்து பக்க இணையத்தளம் ஒன்றை மூன்று வாரம் மாரடித்து முடித்ததற்குச் சாந்தனுக்குக் கிடைத்தது நாற்பதாயிரம்.

"அந்த அன்ரி பாவமெல்லே?" என்றான்.

"என்ன பாவம்? கனடாவுக்குப் பெட்டி பெட்டியா அனுப்புறா" என்று சிரித்தாள் உஷாந்தி.

அன்றைக்குத் தொடங்கியது. முதலில் அவனுக்கே அது இன்னதென்று தெரியவில்லை. அவள் குளிக்கப் போனால் அவளுடைய திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பான். எழுத்துகள் நெருங்கிக் கிடக்கின்றன, பச்சை தூக்கலாக இருக்கிறது என்று பிழை கண்டுபிடிப்பான். கண்டுபிடித்தால் நெஞ்சு குளிரும். பிழை ஒன்றும் இல்லாத நாட்களில் மத்தியானச் சாப்பாடு இறங்காது. நண்பர்கள் கேட்டால், "அவ சும்மா பொழுதுபோகச் செய்யிறா" என்பான். அவளுக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும் சத்தம் அவனுக்குத் தனியாகத் தெரியத் தொடங்கியது. பக்கத்து அறையில் இருந்தாலும் காது அங்கேதான் நிற்கும். ஹெந்தளையில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரிகூட வாடகைக்கு இப்போது அவளைத்தான் கூப்பிட்டாள். உஷாந்தி புதுக் கதிரை ஒன்று வாங்கி, "நாரி நோகுதெண்டீங்கள், இதில இருந்து பாருங்கோ" என்றபோது, தன் பழைய கதிரையே நல்லது என்று சொல்லிவிட்டான். இரவு முழுக்க இடுப்பு நொந்தது.

அதற்குள் ஸாலிஹ் விஷயம் வந்தது. ஸாலிஹ் காலி வீதியில் குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர், சாந்தனின் மூன்று வருட வாடிக்கையாளர். சாந்தன் மகளை நேர்சரியிலிருந்து கூட்டிவரக் கீழே போயிருந்த நேரம், சார்ஜில் கிடந்த அவன் போனுக்கு அழைத்தார். உஷாந்தி எடுத்தாள். கடைச் சாமானை ஆட்கள் வீட்டிலிருந்தே ஓடர் பண்ணுகிற மாதிரி இணையத்தளத்தை மாற்ற வேண்டும், எவ்வளவு போகும் என்று கேட்டார். எத்தனை சாமான், படம் எடுப்பது யார், விலை மாறினால் திருத்துவது யார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்து, "ரெண்டு லட்சம் வரும் ஸாலிஹ் நானா. படம் எடுக்கிறது தனி" என்றாள்.

சாந்தன் படியேறி வந்ததும் சொன்னாள். அவன் மகளின் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஆரைக் கேட்டுச் சொன்னீர்? ரெண்டு லட்சமோ! அந்த மனிசன் இனி இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டார்!"

"அவர் ஓமெண்டிட்டார். நாளைக்கு உங்களை வரட்டாம்."

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஸாலிஹ் திட்டிவிட்டுப் போனை வைத்திருக்கக் கூடாதா என்று அவன் மனம் அப்போது உண்மையிலேயே ஏங்கியது.

மறுநாள் கடையில் ஸாலிஹ் முற்பணமாக ஒரு லட்சத்தை எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்தார். "தம்பி, நீங்க ஒரு நாளும் வெல செல்லுற இல்ல. நான் பாத்துத் தந்தது கொறஞ்சிட்டோ, கூடிட்டோ எண்டு எனக்கும் ஒரு மாதிரி ஈக்கும். ஒங்கட ஊட்டுல தங்கச்சி நல்லா வெளக்கமாக் கதைச்சாங்க" என்றார். நல்ல மனதோடு சொன்ன சொல். சாந்தன் ஒரு லட்சத்தோடு வீட்டுக்கு நடந்தான், கன்னத்தில் அறை வாங்கியவன் மாதிரி.

ஒக்டோபரில் கொன்ஸ்ரன்ஸ் வந்தாள். கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே கிறிஸ்மஸ் கேக் செய்து விற்பவள். மூன்று அளவில் பெட்டி வேண்டும் என்றாள். உஷாந்தி மாதிரிகளைக் காட்டி, எண்பத்தையாயிரம் என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று கொன்ஸ்ரன்ஸ் எழும்பினாள். ஓட்டோ பிடித்துக் கொடுக்கச் சாந்தன் கூடப் போனான்.

லிஃப்டுக்குள் அவள், "கொஞ்சம் கூடத்தான், இல்லையா சேர்?" என்றாள்.

"நாப்பதுக்கும் செய்வா" என்றான் சாந்தன். "போன மாசம் ஒரு ஆளுக்கு நாப்பதுக்குத்தான் செய்தவ. கேட்டுப் பாருங்கோ."

அப்படி யாரும் இல்லை. சொல்லப்போகிறோம் என்று அவன் நினைத்துக்கூட இருக்கவில்லை. ஓட்டோ திரும்பிப் போகும்வரை நாக்கில் ஒரு இனிப்பு இருந்தது. பிறகு நாலு மாடியும் படியிலேயே ஏறினான், லிஃப்டுக்குள் இருக்கும் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல்.

மூன்றாம் நாள் காலை உஷாந்தி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கை ஒழியாததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ், நாப்பதாயிரத்துக்குச் செய்வீங்களாமே? உங்க ஹஸ்பண்ட்தான் சொன்னாரு."

சீப்பு நின்றது. உஷாந்தி நிமிர்ந்து சாந்தனைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தான்.

"அவருக்கு என்ர விலை தெரியாது கொன்ஸ்ரன்ஸ். மூண்டு அளவுக்கும் எண்பத்தைஞ்சுதான். இப்ப கஷ்டமெண்டால் ரெண்டு அளவு மட்டும் செய்வம், அறுபதுக்கு."

"யோசிச்சுச் சொல்றேன் மிஸ்" என்று கொன்ஸ்ரன்ஸ் வைத்துவிட்டாள். குரலிலேயே தெரிந்தது, இனி வரமாட்டாள் என்று.

உஷாந்தி பின்னலை முடித்து, றிபன் கட்டி, மகளைக் காட்டூன் பார்க்க அனுப்பினாள். பிறகு வந்து அவனுக்கு எதிரே இருந்தாள்.

"ஏன் சொன்னனீங்கள்?"

"இல்லை... அவ பாவம், வீட்டில இருந்து கேக் செய்யிற பொம்பிளை..."

"என்னைப் பாத்துச் சொல்லுங்கோ."

அவன் பார்த்தான். அவள் கோபமாக இருப்பாள் என்று நினைத்தான்; அவளுடைய உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"உம்மில எனக்கு எரிச்சல் உஷா. என்னட்டப் படிச்சனீர். நீர் வாயைத் திறந்து கேட்டவுடன தருகினம். நான் எட்டு வருசமாக் கிடந்து முறியிறன். நீர் தோத்துப்போறதை ஒருக்காப் பாக்கவேணும் போல கிடந்தது."

உஷாந்தி மேசையில் கிடந்த தன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டு மூண்டு மாசமா நீங்க என்ர முகத்தைப் பாத்துக் கதைக்கேல்ல" என்றாள் அவள். "போனை எடுத்தாப் பாக்கிறீங்கள், ஆரோட கதைக்கிறன் எண்டு காது குடுக்கிறீங்கள். என்னைச் சந்தேகப்படுறீங்களோ, இல்லாட்டி உங்களுக்குத்தான் வேற ஆரும் இருக்கினமோ எண்டு நான் பயந்து செத்தன். இதுக்கோ?" கண்ணைத் துடைத்தாள். "கேக்கிறதுக்கு எனக்கு வெக்கமில்லை எண்டு நினைச்சீங்களோ? அச்சகத்தில முதல் வருசம் நானும் வெக்கத்தில குறைச்சுத்தான் விலை சொல்லுவன். அந்தக் குறையை முதலாளி என்ர சம்பளத்தில வெட்டுவார். அழுதழுதுதான் பழகினனான். நீங்க ஒருநாளும் கேக்கேல்ல, எப்பிடிப் பழகினனீர் எண்டு."

அது உண்மைதான். அவன் கேட்டதேயில்லை.

"இப்ப போய் அவவிட்டச் சொல்லுங்கோ, நாப்பதுக்கு நான் ஒருத்தருக்கும் செய்யேல்ல எண்டு. அந்தப் பக்கத்தில எல்லாரும் என்னை அறிவினம். எண்பத்தைஞ்சு கேட்டிட்டு நாப்பதுக்குச் செய்யிறவ எண்டு பேர் வந்தால் எனக்கு இனி வேலை இல்லை."

சாந்தன் பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனான். கொன்ஸ்ரன்ஸின் குசினியில் வெட்டிய பழமும் பிராந்தியும் மணத்தன. அவள் ஊறிய பிளம்ஸைக் கையால் புரட்டிக்கொண்டே கேட்டாள். "பொய்யா? ஏன் சேர் அப்படிச் சொன்னீங்க?"

"பொறாமையில" என்றான். அந்தச் சொல்லை வெளியாள் ஒருத்தியிடம் சொல்ல நேர்ந்ததில் காது சுட்டது.

கொன்ஸ்ரன்ஸ் கையைத் துணியில் துடைத்தாள். "என் வீட்டுக்காரரும் இப்படித்தான்" என்றாள். "ஆனா நான் வேற ஆளுக்கு முப்பத்தஞ்சுக்குக் குடுத்துட்டேன் சேர். அட்வான்ஸும் குடுத்தாச்சு."

வேலை போனது போனதுதான். சாந்தன் அதை உஷாந்தியிடம் அப்படியே சொன்னான். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். நாலைந்து நாள் அவளுடைய சிரிப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை.

நவம்பரில் தெமட்டகொடையிலிருந்து டியூஷன் நிலையம் நடத்தும் நாகேந்திரம் மாஸ்டர் அழைத்தார். பழைய ஆள். "எவ்வளவு வரும் தம்பி?" என்று அவர் கேட்டதும் "பிறகு பாப்பம்" என்பது வழக்கம்போல வாய்வரை வந்தது. சாந்தன் எழும்பி பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான். "மாஸ்டர், நீங்க எவ்வளவு யோசிச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டான். அவர் முப்பது என்றார். இவன் எழுபத்தைந்து என்றான், என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீரும் இப்ப பெரிய ஆளாகிட்டீர்" என்று வைத்துவிட்டார். திரும்ப அழைக்கவேயில்லை. அடுத்து வந்த மருந்துக் கடைக்காரர், சாந்தன் எண்பது கேட்டதற்கு எழுபது என்று பேரம் பேசி, பாதியை அன்றைக்கே போட்டார்.

கொன்ஸ்ரன்ஸின் மலிவுப் பெட்டிகளில் கேக்கின் எண்ணெய் ஊறி வெளியே தெரிந்ததாம். ஈஸ்டருக்கு அவள் உஷாந்தியிடம் வந்தாள். விலை கேட்டாள், பேரம் பேசவில்லை.

சாந்தனுடைய பொறாமை அதோடு தீர்ந்துவிடவில்லை. போன மாதம் கொள்ளுப்பிட்டியில் ஒரு தேயிலைக் கொம்பனியோடு உஷாந்தி அரை மணித்தியாலம் போனில் கதைத்தாள். கடைசியில் அவள் சொன்ன தொகை சாந்தனின் ஆறு மாத உழைப்பு. அந்தப் பக்கம் சம்மதித்துவிட்டது என்பது அவள் "தாங்க்ஸ்" சொன்ன விதத்திலேயே தெரிந்தது. சாந்தனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"உஷா" என்றான்.

"என்னப்பா?"

"எரியுது."

அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எரியட்டும். அதோட எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி போடுங்கோ. எனக்குச் சீனி குறைச்சு."

அவன் எழும்பிப் போனான்.